ஈரல் புற்றுநோய் செல் லைன் எடுக்கிறது எப்பிடி? லாப்புக்குப் புதுசா வாற வன்னிப் பிள்ளையளுக்கு

"அக்கா, ஈரல் கான்சர் கட்டியில இருந்து செல் லைன் எடுக்கிறதெண்டா எதில இருந்து தொடங்கோணும்?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து பயோ படிச்சு கம்பஸ் போய் இப்ப ரிசேர்ச்சுக்குள்ள கால் வைக்கிற பிள்ளையள் கொஞ்சப்பேர் இந்தக் கேள்விய என்னட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டவை. போனில சொல்லி முடியாது, அதால எழுதுறன். நான் புதுக்குடியிருப்பு, கொழும்பில ஒரு லாப்பில ஆறு வருசம் இந்த வேலை செய்தனான், தெரிஞ்சதையும் பட்டதையும் அப்பிடியே சொல்லுறன்.

முதல்ல செல் லைன் எண்டா என்ன எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. நாங்கள் ஏ/எல்லில கலம் எண்டு படிச்சதுதான் செல். உடம்பில இருந்து எடுத்த சாதாரண ஈரல் கலம் டிஷ்ஷில கொஞ்ச நாள் இருக்கும், பிறகு செத்திடும். புற்றுநோய்க் கலங்களில சிலது மட்டும் சாகாமப் பிரிஞ்சு பிரிஞ்சு போய்க்கொண்டே இருக்கும், அப்பிடி மாசக்கணக்கா நிண்டு பிடிக்கிற கூட்டத்துக்குத்தான் லைன் எண்டு பேர். ஹெப்பரைற்றிஸ் பி, சி எண்ட ஈரல் அழற்சி வைரசுகள் ரெண்டும் (சுருக்கமா பி வைரஸ், சி வைரஸ்) ஈரலில புற்றுநோய உண்டாக்கும். அதில பி வைரஸ் ஒரு விசயத்தில வேற மாதிரி: ஏறக்குறைய 3200 எழுத்து நீளமான அதின்ர சின்ன டிஎன்ஏ எங்கட டிஎன்ஏக்குள்ளயே போய்ச் செருகிக்கொள்ளும். சி வைரஸ் ஆர்என்ஏ வைரஸ், அது அப்பிடிச் செருகாது. அதால பி வைரஸ் வந்த ஆளின்ர கட்டியில இருந்து லைன் எடுத்தா, அந்தச் செருகல் எங்க இருக்கு, பக்கத்து ஜீனுக்கு என்ன செய்யுது எண்டு வருசக்கணக்கா இருந்து பாக்கலாம்.

இப்பிடித்தான் 1976 இல தென்னாபிரிக்காவில பி வைரஸ் இருக்கிற முதல் லைன் வந்தது, பேர் பிஎல்சி/பிஆர்எஃப்/5. மொசாம்பிக்கைச் சேர்ந்த 24 வயசு ஆம்பிளைப் பிள்ளை ஒருத்தரின்ர கட்டி அது. இண்டைக்கும் அந்தக் கலங்கள் பி வைரசின்ர மேலுறைப் புரதத்தை மீடியத்துக்குள்ள (கலம் வளருற சத்துத் திரவம்) விட்டுக்கொண்டிருக்குதுகள், ஆனா முழு வைரஸ் வராது. புற்றுநோயத் தடுக்கிற பி53 எண்ட ஜீனில, இந்த லைனில 249 ஆவது இடத்தில ஒரு மாற்றம் இருக்கு, அது அஃப்ளரொக்சின் விட்டுட்டுப் போற அடையாளம். அஃப்ளரொக்சின் எண்டா பூஞ்சணம் பிடிச்ச கச்சானிலயும் சோளத்திலயும் வாற நஞ்சு. முறிகண்டியில இறங்கி கச்சான் வாங்கேக்குள்ள கறுத்துப்போன பருப்பு, கசக்கிற பருப்பு வந்தா துப்பிடுங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறது அதாலதான். வைரசும் அந்த நஞ்சும் ஒரே ஈரலில சேந்தா ஆபத்துப் பல மடங்கு.

பிறகு அமெரிக்காவில ஹெப்3பி (8 வயசுப் பெடியன், பி வைரஸ் இருக்கு), ஹெப்ஜி2 (ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயசுப் பெடியன், வைரஸ் இல்ல), 1982 இல ஜப்பானில ஹூ-7 (57 வயசு ஆள், பி வைரஸ் இல்ல) எண்டு வந்தது. கொரியாவில எஸ்என்யூ எண்டு தொடங்கிற ஒரு வரிசையே இருக்கு, அதில கனக்க லைனில பி வைரஸ் டிஎன்ஏ இருக்கு. ஏன் வயசையும் ஊரையும் சொல்லுறன் எண்டா ஒவ்வொரு லைனும் ஒரு ஆள். அது ஆர் எண்ட விபரம் துலைஞ்சா லைனும் துலைஞ்ச மாதிரித்தான், நான் கீழ சொல்லப்போற பாதி விசயம் இதைச் சுத்தித்தான் வரும்.

முதல் வேலை உங்கட ஊசி

டிஷ்ஷைத் தொட முதல் பி வைரஸ் தடுப்பூசி மூண்டும் போட்டு முடிச்சிருக்கோணும். இண்டைக்கு ஒண்டு, ஒரு மாசத்தில ஒண்டு, ஆறாம் மாசம் ஒண்டு. கடைசி ஊசி போட்டு ஒண்டு ரெண்டு மாசத்தால ரத்தம் குடுத்து எதிர்ப்புச் சக்தி வந்திட்டுதோ எண்டு பாக்கோணும், அளவு 10க்குக் கீழ எண்டா டொக்டரோட கதைச்சு திருப்பிப் போடுங்கோ. இலங்கையில குழந்தையளுக்கான ஊசி அட்டவணைக்குள்ள இது 2003 இலதான் வந்தது, அதுக்கு முதல் பிறந்தனீங்கள் எண்டா சின்னனில போட்டிருப்பம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. இந்த வைரஸ் காய்ஞ்ச ரத்தத்திலயும் மேசையில ஏழு நாளாவது உயிரோட கிடக்கும். ரெண்டாம் தர பயோசேஃப்டி கபினெற் இல்லாம, ரெண்டு சோடி கையுறை இல்லாம, பக்கத்தில ப்ளீச் கரைசல் இல்லாம நோயாளியின்ர சதையத் திறக்கக் கூடாது. "கவனமாச் செய்வம்" எண்டு ஆர் சொன்னாலும் மாட்டன் எண்டு சொல்லுங்கோ, பேராசிரியரே சொன்னாலும்.

ரெண்டாவது, தண்ணியில பழகுறது

எடுத்த எடுப்பில நோயாளியின்ர கட்டியத் தொடாதேங்கோ. மூண்டு மாசம் ஹெப்ஜி2 அல்லது ஹூ-7 வச்சுப் பழகுங்கோ. அதுக்கும் முதல் ரெண்டு கிழமை வெறும் தண்ணியும் பிப்பெற்றும். கபினெற்றுக்குள்ள கை எப்பிடிப் போகுது, போத்தல் மூடிய எங்க வைக்கிறது, திறந்த போத்தலுக்கு மேலால கைய வீசாம இருக்கிறது, எல்லாம் பழக்கத்தில வாறது. மீடியத்தின்ர நிறத்தப் பாக்கப் பழகுங்கோ, மஞ்சளாப் போனா அமிலம் கூடிட்டுது, கலம் நிறைஞ்சிருக்கும் இல்லாட்டி பக்றீரியா வந்திருக்கும், ஊதாவாப் போனா காபனீரொட்சைட்டு காணாது, சிலிண்டர் முடிஞ்சிருக்கும்.

எங்கட பக்கத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு விசேசக் கவலை இருக்கு, கரண்ட். இன்கியூபேற்றர் 37 பாகை, 5 வீதம் காபனீரொட்சைட்டு. கரண்ட் நிண்டா கதவைத் திறக்காதேங்கோ, திறக்காமலே விட்டா கொஞ்ச நேரம் சூடு நிக்கும். ஜெனறேற்றர் தானா ஓடுதோ இல்லாட்டி ஆரும் போய் இழுக்கோணுமோ, இரவில ஆர் இழுக்கிறது எண்டு முதலே கேட்டு வையுங்கோ. நான் ஒரு இடத்தில இதக் கேக்காம விட்டு ஒரு பொங்கல் லீவுக்கு வீட்டை போயிட்டு வர பதினொரு டிஷ்ஷும் செத்துக் கிடந்தது, அண்டைக்கு அழுதனான். இன்னொண்டு, இன்கியூபேற்றருக்குள்ள ஈரப்பதத்துக்கு வைக்கிற தட்டுக்குக் கிணத்துத் தண்ணி விடக் கூடாது, எங்கட தண்ணி சவர், தட்டு முழுக்க வெள்ளையாப் படியும். காய்ச்சி வடிச்ச தண்ணிய ஸ்டெரிலைஸ் பண்ணி விடுங்கோ. மாரியில பூஞ்சணம் எங்க எண்டு இல்லாம வரும், அந்த மாசங்களில கிழமைக்கு ஒருக்கா தட்டக் கழுவுங்கோ.

மூண்டாவது, கேக்கிறது

இதுதான் கனபேர் விறுவிறெண்டு தாண்டிப் போற இடம், தயவுசெய்து போகாதேங்கோ. முதல்ல எதிக்ஸ் கொமிற்றியின்ர அனுமதி. அது வந்தாப் பிறகு நோயாளியோட கதைக்கோணும், ஒபரேஷனுக்கு முதல் நாளே, அவசரப்படுத்தாம, தமிழில, மகனோ மகளோ பக்கத்தில இருக்கேக்குள்ள. ஹீலா எண்ட லைன் 1951 இல ஹென்றியேற்றா லாக்ஸ் எண்ட மனிசியிட்ட இருந்து கேக்காமலே எடுத்தது, அவ அந்த வருசமே செத்துப் போனா, கலங்கள் உலகம் முழுக்கப் போச்சு, குடும்பத்துக்குக் கனகாலம் ஒண்டும் தெரியாது. அந்தப் பிழைய நாங்கள் திருப்பிச் செய்யக் கூடாது.

நான் கதைக்கிறது இப்பிடித்தான்: "ஐயா, டொக்டர் உங்கட ஈரலில இருந்து கட்டிய வெட்டி எடுப்பார். அதில சோதினைக்குத் தேவையானது போக மிச்சத்தில ஒரு சின்னத் துண்டு நாங்கள் எடுத்து லாப்பில வளத்துப் பாக்கலாமோ? வளந்தா அது கனவருசம் இருக்கும், வேற நாட்டு ஆராய்ச்சிக்காரருக்கும் போகலாம். உங்கட பேர் வெளிய வராது. வேண்டாம் எண்டா வேண்டாம் தான், வைத்தியத்தில ஒரு குறையும் வராது." ஒரு தரம் மாங்குளப் பக்கத்து ஐயா ஒருத்தர் இதக் கேட்டுட்டுக் கனநேரம் பேசாம இருந்தார், பிறகு "நான் போனாப் பிறகும் அது இருக்குமோ பிள்ளை?" எண்டார். ஓம் ஐயா, இருக்கும் எண்டன். "அப்ப எடுங்கோ, ஆனா என்ர மனிசிக்கும் நீங்களே ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ" எண்டார். போய் அம்மாவுக்கும் சொன்னன். உண்மைய முழுசாச் சொன்னா எங்கட சனம் விளங்கிக்கொள்ளும்.

பி வைரஸ் எண்டவுடன ஊரில ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பினம், கெட்ட பழக்கத்தால வந்தது எண்டு. கனபேருக்குப் பிறக்கேக்குள்ள தாயிட்ட இருந்து வந்ததா இருக்கும், ரத்தத்தால வந்ததா இருக்கும். தண்ணியால சாப்பாட்டால வாற செங்கமாரி வேற, அது ஏ, ஈ வைரசுகள். ஒரே கோப்பையில சாப்பிட்டா பி வைரஸ் ஒட்டாது. இதையும் குடும்பத்துக்குச் சொல்லுங்கோ, வீட்டில மற்ற ஆக்கள் சோதிச்சு ஊசி போடுறதுக்கும் அது வழி. இலங்கையில ஈரல் புற்றுநோய் வாற ஆக்களில கனபேருக்கு இந்த வைரஸ் இல்ல எண்டதையும் தெரிஞ்சு வச்சிருங்கோ, கொழுப்பு ஈரலும் குடியும்தான் கூட. அதால வைரஸ் இருக்கிற கட்டி கிடைக்கிறது அருமை, ஒரு துண்டும் வீணாப் போகக் கூடாது.

ஒபரேஷன் நாள்

கட்டி வெளிய வந்தவுடன முதல் உரிமை நோயறியிற டொக்டருக்கு, அவர் தேவையான துண்ட எடுத்துப் போட்டுத் தாறதுதான் எங்களுக்கு. கட்டியின்ர நடு செத்துப்போய்க் கிடக்கும், ஓரத்தில இருந்து கேளுங்கோ. அன்ரிபயோட்டிக் போட்ட குளிர் மீடியத்துக்குள்ள போட்டு ஐஸில வச்சுக் கொண்டு வரோணும், உறையப் பண்ணக் கூடாது. யாழ்ப்பாணத்தில ஒபரேஷன் நடந்து கிளிநொச்சிக்குக் கொண்டு வாறீங்கள் எண்டு வையுங்கோவன், ஏ9 இல ஒண்டரை மணித்தியாலமாவது போகும், ஆனையிறவு வெயிலில ஐஸ்பெட்டி வாகனத்துக்குப் பின்னால கிடக்கக் கூடாது, மடியில வச்சுக்கொண்டு வாங்கோ. எவ்வளவு கெதியாத் தொடங்கிறீங்களோ அவ்வளவு நல்லம்.

வந்தவுடன துண்ட நாலாப் பிரியுங்கோ. ஒண்டு ஃபோர்மலினுக்கு, ஒண்டு உறையவச்சு டிஎன்ஏக்கு, மற்றது ரெண்டும் வளக்கிறதுக்கு. நோயாளியின்ர ரத்தமும் ஒரு ரியூப் வேணும், அதுக்கும் முதலே சம்மதம் கேட்டிருக்கோணும். ஏன் ரத்தம் எண்டு பின்னுக்கு விளங்கும்.

வளக்கிறது ரெண்டு விதமாவும் செய்யுங்கோ, ஒண்டு பிழைச்சாலும் மற்றது இருக்கும். பிபிஎஸ் எண்ட உப்புக் கரைசலில நல்லாக் கழுவி, கொழுப்பு, ரத்தக்கட்டி, செத்த சதை எல்லாம் வெட்டி எறிஞ்சு, ரெண்டு பிளேட்டால ஒரு மில்லிமீற்றர் துண்டாக் கொத்துங்கோ. ஒரு பங்கை கொலாஜனேஸ் நொதியத்தில, மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில, 37 பாகையில அரை மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் வரைக்கும் ஆட்டி, 100 மைக்ரோமீற்றர் சல்லடையால வடிச்சு, சென்ரிஃபியூஜில மெதுவாச் சுத்தி எடுத்து, கொலாஜன் பூசின டிஷ்ஷில போடுங்கோ. நொதியத்தில கூட நேரம் விட்டா கலம் செத்திடும், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கோ. மற்றப் பங்கைத் துண்டாவே டிஷ்ஷில வச்சு, மூடியும் மூடாத அளவு கொஞ்ச மீடியம் விட்டு ரெண்டு மூண்டு நாள் அசைக்காம விடுங்கோ. துண்டு மிதந்தா ஒட்டாது. மீடியம் டிஎம்இஎம்/எஃப்12, அதில 10 வீதம் கன்றுச் சீரம், இன்சுலின், ஹைட்ரோகோர்டிசோன், ஈஜிஎஃப் (கலத்த வளர வைக்கிற புரதம்). போய்ப் போய்த் திறந்து பாக்க ஆசையாத்தான் இருக்கும், பாக்காதேங்கோ.

களை எடுக்கிறது

வயல் செய்யிற வீட்டுப் பிள்ளையளுக்கு இது சொல்லாமலே விளங்கும். நெல்லுக்கு முதல் கோரை வளரும். இங்க கோரை எண்டா ஃபைப்ரோபிளாஸ்ட், சதையத் தாங்கிற சாதாரண இணைப்புக் கலம், நீட்டு நீட்டா ஊசி மாதிரி, மீன் கூட்டம் திரும்பின மாதிரிச் சுழண்டு சுழண்டு கிடக்கும். புற்றுநோய் ஈரல் கலம் பல மூலையோட, தட்டுத் தட்டா, நெருங்கித் தீவு தீவாக் கிடக்கும். கவனிக்காம விட்டா ரெண்டு மூண்டு கிழமையில டிஷ் முழுக்கக் கோரைதான், கன லைன் சாகிறது இந்த இடத்திலதான்.

என்ன செய்யலாம்? ட்ரிப்சின் எண்டா கலத்த டிஷ்ஷில இருந்து கழட்டிற நொதியம், ஃபைப்ரோபிளாஸ்ட் அதுக்குக் கெதியாக் கழரும், ஐதாக்கின ட்ரிப்சின் விட்டு ஒண்டு ரெண்டு நிமிசம் மைக்கிறஸ்கோப்பில பாத்துக்கொண்டே நிண்டு, நீட்டுக் கலங்கள் உருண்டு கழண்டவுடன கழுவி ஊத்துங்கோ, தீவுகள் ஒட்டினபடி நிக்கும். அது கெதியா ஒட்டவும் செய்யும், அதால பிரிச்சு எடுத்த கலத்த ஒரு டிஷ்ஷில அரை மணித்தியாலம் விட்டு, ஒட்டாம மிதக்கிறத மட்டும் புது டிஷ்ஷுக்கு மாத்தலாம். இல்லாட்டி பிப்பெற் நுனியால கையாலயே சுரண்டலாம், எனக்கு இதுதான் கூட நம்பிக்கை, முதுகு நோகும், ஆனா எதை எடுத்தனாங்கள் எண்டு கண்ணால தெரியும். ஒரு தரத்தில முடியாது, ஆறு ஏழு தரம் வரும்.

முதல் மறுநடுகை, முதல் உறையல்

தீவுகள் பெருத்து டிஷ்ஷில முக்கால்வாசி பிடிக்கிறதுக்குக் கிழமைக்கணக்காகும், சிலதுக்கு மாசக்கணக்கு. பிறகு ரெண்டு டிஷ்ஷாப் பிரியுங்கோ (இதுதான் மறுநடுகை, ஒவ்வொரு மறுநடுகையையும் ஒரு தரம் எண்டு எண்ணுறது), ரெண்டுக்கு மேல வேண்டாம், ஐதாப் போட்டா இந்தக் கலங்கள் தனிச்சுப்போய்ச் செத்திடும். பழைய மீடியத்த வடிச்சு பாதிக்குப் பாதி கலந்து குடுத்தா பிடிக்கிறது லேசு. ரெண்டாம் மூண்டாம் தரத்திலயே கொஞ்சத்த உறைய வையுங்கோ, "நல்லா வரட்டும் பிறகு வைப்பம்" எண்டு காத்திருந்து எல்லாம் துலைச்ச ஆக்கள் கனபேர். 90 வீதம் சீரம், 10 வீதம் டிஎம்எஸ்ஓ (உறையேக்குள்ள கலத்தக் காப்பாத்திற திரவம்), ஒரு வயலுக்கு (நெல் வயல் இல்ல, உறைய வைக்கிற சின்னக் குப்பி) 10 தொடக்கம் 20 லட்சம் கலம், நிமிசத்துக்கு ஒரு பாகை குறையிற மாதிரி -80 வரைக்கும் இறக்கி, பிறகு -196 பாகை திரவ நைதரசனுக்குள்ள. எடுக்கேக்குள்ள எதிர்மாறு, 37 பாகைத் தண்ணியில கெதியா உருக்கோணும். ஆறு மாசத்துக்கு மேல நிக்காமப் பிரிஞ்சுகொண்டே போனாத்தான் லைன் எண்டு சொல்ல வாய் திறக்கலாம்.

இது ஆர்?

நான் பழகின காலத்தில ஒரு லாப்பில எட்டு மாசம் ஒரு கூட்டம் பாத்தனாங்கள், நல்ல வேகமா வளந்தது, எல்லாருக்கும் சரியான சந்தோசம். எஸ்டிஆர் சோதினைக்கு (ஆளுக்கு ஆள் வேறுபடுற டிஎன்ஏ அடையாளத்தப் பாக்கிறது) அனுப்பினா ஹீலா எண்டு வந்தது. எங்கயோ ஒரு நாள் ஒரு பிப்பெற் மாறிப் போயிருக்கு, வேகமா வளருற ஹீலா மெதுவா வளருறதத் திண்டிட்டுது. எங்களுக்கு மட்டும் நடந்தது இல்ல, சாங் லிவர், எல்-02, பிஇஎல்-7402, எஸ்எம்எம்சி-7721 எண்டு ஈரல் லைன் எண்ட பேரில கனகாலம் பாவிச்சதெல்லாம் ஹீலா கலந்தது எண்டு பிறகு தெரிய வந்தது. ஹெப்ஜி2 கூட முதல்ல சாதாரண ஈரல் புற்றுநோய் எண்டு நினைச்சது, 2009 இலதான் அது பிள்ளையளுக்கு வாற ஹெப்பரோபிளாஸ்ரோமா எண்டு திருத்தினவை.

அதுக்குத்தான் அந்த ரத்தம். நோயாளியின்ர ரத்தத்தின்ர எஸ்டிஆரும் லைனின்ர எஸ்டிஆரும் ஒத்து வரோணும், 80 வீதத்துக்குக் குறைஞ்சா அது உங்கட லைன் இல்ல எண்டே வையுங்கோ. முதல் உறையல் வைக்கேக்குள்ள ஒருக்கா, பத்தாம் தரத்தில ஒருக்கா, கட்டுரை எழுத முதல் ஒருக்கா. ஒரே நேரத்தில கபினெற்றுக்குள்ள ரெண்டு லைன் திறக்கக் கூடாது, ஒவ்வொரு லைனுக்கும் தனி மீடியப் போத்தல். அல்கஹோல் பட்டா சாதாரண மார்க்கர் அழியும், பென்சிலாலயும் எழுதுங்கோ.

மைக்கோபிளாஸ்மா எண்ட மிகச் சின்ன பக்றீரியாவையும் மாசம் ஒருக்கா பிசிஆரில (டிஎன்ஏயப் பெருக்கிப் பாக்கிற முறை) பாக்கோணும். அதுக்குக் கலச்சுவர் இல்லாததால பெனிசிலின் வேலை செய்யாது, மீடியமும் கலங்காது, கண்ணுக்குத் தெரியாமலே உங்கட முடிவெல்லாத்தையும் பிழையாக்கும்.

வைரஸ் இருக்கோ?

ஆள் சரி எண்டாப் பிறகு ஈரல் கலமோ எண்டு பாருங்கோ, அதுக்கு அடையாளமான புரதங்கள்: அல்புமின், ஏஎஃப்பி, கெராட்டின் 8, 18. பிறகு வைரஸ். மீடியத்தில மேலுறைப் புரதம் வருதோ எண்டு எலைசா (புரதத்தக் கண்டுபிடிக்கிற சோதினை), கலத்தின்ர டிஎன்ஏயில வைரசின்ர எக்ஸ் ஜீனுக்கும் எஸ் ஜீனுக்கும் பிசிஆர், செருகின இடத்த அறிய சதேர்ன் புளொட் இல்லாட்டி சீக்குவென்சிங். டெர்ட், எம்எல்எல்4, சிசிஎன்இ1 எண்ட ஜீன்களுக்குப் பக்கத்தில திருப்பித் திருப்பிச் செருகல் காணுறவை, அதுகள முதல் பாருங்கோ. நோயாளிக்கு வைரஸ் இருந்தும் லைனில ஒண்டும் வராமலும் போகலாம், அப்பிடி வந்தா உறையவச்ச மூலக் கட்டியோட ஒப்பிடுங்கோ, அங்க இருந்து இங்க இல்லாட்டி வேற கலம் வளந்திருக்கலாம். பிஎல்சி/பிஆர்எஃப்/5, ஹெப்3பி ரெண்டையும் இருக்கு எண்ட பக்கத்துக்கும் ஹூ-7 ஐ இல்ல எண்ட பக்கத்துக்கும் வச்சு ஒவ்வொரு தரமும் ஓட்டுங்கோ.

கட்டியில இருந்து எடுத்த லைன் செருகலப் படிக்கத்தான் நல்லம், வைரஸ் உள்ள போறதப் படிக்க உதவாது. அதுக்கு, 2012 இல கண்டுபிடிச்ச என்டிசிபி எண்ட வாசல் புரதத்த ஏத்தின ஹெப்ஜி2 வேணும். முழு வைரஸ் வெளிய விடுறது வேணும் எண்டா 1987 இல செய்த ஹெப்ஜி2.2.15. சி வைரசுக்கு ஹூ-7 உம் அதில இருந்து வந்ததுகளும்.

எல்லாம் சரி வந்தா வயல்கள மூண்டாப் பிரியுங்கோ. ஒரு பங்கு உங்கட நைதரசன் தொட்டியில, ஒரு பங்கு வேற ஊரில இருக்கிற லாப்பில, ஒரு பங்கு வேலைக்கு. கொப்பியில ஒவ்வொரு வயலுக்கும் நோயாளியின்ர இரகசிய இலக்கம், எத்தினையாம் தரம், திகதி, உறையவச்ச ஆளின்ர பேர், எந்த மீடியம், கடைசி எஸ்டிஆர் எப்ப, கடைசி மைக்கோபிளாஸ்மா எப்ப எண்டு எழுதுங்கோ. இலக்கத்தையும் உண்மையான பேரையும் சேக்கிற தாள் அந்தக் கொப்பியில இருக்கக் கூடாது, அது பூட்டின அலுமாரிக்குள்ள, திறப்பு ஒராளிட்ட.